டிப்புவோட சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு

லைட்டுதானுங்க டாக்டரம்மிணி. நான் சொல்றனில்லீங்க, அந்த லைட்டேதான், வேற ஒரு கெரகமும் இல்ல. சாதா ட்யூப் லைட்டு இல்லீங்களாமா. வெயில்ல இருக்கற என்னமோ ஒரு கதிரு அதுக்குள்ள இருக்குதாமா. ஏனுங்க, நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்? அவிநாசிபாளையம் பஸ் ஸ்டாப்புல பத்து நிமிசம் நின்னா எனக்கே தலை கிறுகிறுங்குது. அதை உட்டுப்போட்டு, மெட்ராஸ்ல ஆர்டர் போட்டு பொட்டியில வெயில வாங்கியாந்து ஊட்டுக்குள்ள மாட்டி வெச்சிருக்கறான் என்ற பையன். நாளைக்குப் பன்னண்டு மணி நேரம் எரியோணுமாமா. பன்னண்டு மணி நேரம் மூஞ்சிக்கு நேரா லைட்டடிச்சா எந்த சீவனுக்குத்தான் கண்ணு வீங்காது, நீங்களே சொல்லுங்க. என்னுங்க? சன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல அந்தக் கதிரு இருக்காதுங்களா? கண்ணாடியே தடுத்துருமா? அதென்னமோங்க... எனக்கு லைட்டு மேலதான்.

சித்த இருங்க, கூடைய வெக்கறதுக்கு முன்னால மேசையத் தொடைச்சர்றேன். இல்லீங்க, சுத்தமாத்தான் இருக்குது, ஆனா அந்த ஓரத்துல ஒரு சொட்டுத் தண்ணி பாருங்க. அதைப் பாத்துட்டு என்னால சும்மா நிக்க முடியாதுங்க. இந்தத் துணி எப்பவும் என்ற இடுப்புலயே சொருகியிருக்கும். பனியன் கட்டிங் வேஸ்ட்டுதான், ஆனா நூத்துக்கு நூறு காட்டனு, எக்ஸ்போர்ட் குவாலிட்டி. அடுப்பு தொடைக்க, கண்ணாடி தொடைக்க, மூக்குச் சிந்த, எல்லாத்துக்கும் நமக்கு இதுதானுங்க. இந்த ரோஸு எங்க யூனிட்டுல ஓடிட்டிருக்கற ஆர்டரு, கொழந்தைங்க டீ சர்ட்டு. ஒன்றரை மாசமா இந்த ஒரே கலருதான். துணி வாங்கற வெளிநாட்டுக்காரன், பையரு, இதுக்குக் கோரல்னு பேரு வெச்சிருக்கறான். எப்படிப் பாத்தாலும் ரோஸுதான். இருவது வருசமா செக்கிங் டேபிள்ள நிக்கறவ நானு, எனக்குத் தெரியாதுங்களா? ஒரு நூல் பிசிறு, ஒரு எண்ணெய்க் கறை, என்ற கண்ணுக்குத் தப்பிப் பொட்டிக்குள்ள போனதே இல்ல.

பேருங்களா? பூவாத்தாளுங்க. ஓ... அதும் பேரா? டிப்புங்க. முழுப் பேரு லேப்டிப்பு. சிரிக்காதீங்க அம்மிணி. ஆர்டருக்கு முன்னால சாயப்பட்டறையில துண்டுத் துணியில கலர் போட்டு, இது சரியா, இது சரியான்னு பையருக்கு அனுப்புவாங்கல்லங்க, அதுக்குப் பேருதான் லேப்டிப்பு. இதுவும் பச்சை, மஞ்சளு, பழுப்புன்னு தினம் ஒரு சாம்பிள் காட்டுதுன்னு என்ற பையன் அந்தப் பேர வெச்சுட்டான். பனியன் கம்பெனியில ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசரு புத்தி வேற எங்க போகும்? அவன் பேரு தரணீதரன், நாங்க தரணிம்போம்.

நம்மூரு பச்சோந்தி இல்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அதைப் புடிச்சு ஊட்டுல வெச்சா கேசாயிரும்னு எனக்கும் தெரியும். இது ஏமன் தேசத்து ஜாதி, மண்டையில கொண்டையாட்ட நிக்குது பாருங்க. பில்லு, கவருமெண்டு ஆன்லைன்ல பதிஞ்ச பேப்பரு, எல்லாம் பைல் போட்டு வெச்சிருக்கறான். என்ற கல்யாணப் பத்திரிகை எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியாது, இதும் பேப்பரு பீரோவுல பூட்டி இருக்குது. முப்பத்தொரு வயசாகுதுங்க அவனுக்கு. போன வருசம் "அம்மா, ஊட்டுக்கு ஒருத்தரக் கூட்டியாறேன்"னு போன் பண்ணான். நான் பாயாசம் வெச்சு, புதுப் பொடவை கட்டி, வாசல்ல தண்ணி தெளிச்சு நிக்கறேன். வலைக் கூண்டத் தூக்கிட்டு எறங்கறானுங்க. அதுக்கப்புறம் மூணு நாளு நான் அவன்கிட்டப் பேசல. பாயாசத்த நானே குடிச்சேன்.

மெதுவாத் தூக்குங்க, கையை அடியில குடுங்க. சட்டுனு மேல இருந்து கையக் கொண்டாந்தா அதுக்குப் பயமுங்க, கழுகு வருதுன்னு நெனைக்குமாமா. உஸ்ஸுங்கும். கடிக்காது, சும்மா மெரட்டும். எங்கூட்டுக்காரராட்ட. கறுத்துப் போச்சு பாருங்க, கோவம். ஒண்ணுமில்ல சாமி, டாக்டரு, நம்மூட்டு ஆளு மாதிரிதான், பயப்படாத.

அந்தப் பக்கமுங்க. சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு. அஞ்சு நாளாச்சுங்க வீங்கி. மொதல்ல பகல்லயே மூடிட்டிருந்துச்சு. பகல்ல கண்ண மூடுனா இதுகளுக்கு ஒடம்பு செரியில்லன்னு அர்த்தமாமா. அப்புறம் குச்சியில போட்டுத் தேய்க்குது, தேய்க்குது. மூணு நாளாத் தீனியும் எடுக்கல. நாக்க நீட்டுதுங்க, பூச்சிக்கு ஒரு விரக்கடை தள்ளி உழுகுது. ரெண்டு கண்ணும் ஒட்டுக்கா ஒரே எடத்துல நின்னாத்தான் குறி தப்பாதாமா. ஒத்தக் கண்ணுல தூரம் தெரியாம நாக்க இழுத்துட்டு, என்னைய ஒரு பார்வை பாத்துச்சுங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

தீனியப் பத்தி மட்டும் கேக்காதீங்க. சிள்வண்டுங்க. உசுரோட, டப்பாவுல, கூரியர்ல வருது. அதுகளுக்குத் தனிச் சாப்பாடு. சத்தில்லாத பூச்சியத் தின்னா இதுக்கு விட்டமினு கொறையும், கண்ணு கெடும்னு, பூச்சிக்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் போடச் சொல்லி இருக்கறான். எங்கூட்டுக்காரரு கேரட் பொரியல் கேட்டா நேரமில்லைங்கறேன், சிள்வண்டுக்குத் துருவிப் போடறேன். ஒருக்கா மூடி சரியா மூடாம ரெண்டு பூச்சி சாமி ரூமுக்குள்ள போயிருச்சுங்க. வெள்ளிக்கிழமை, வெளக்கு வெச்சுட்டுக் கும்புடறேன், படத்துக்குப் பின்னாலிருந்து கிரீச் கிரீச்சுங்குது. எங்கூட்டுக்காரரு பரவசமாயிட்டாருங்க, சாமி பேசுதுன்னு. நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

விட்டமினு கொறைச்சலா இருக்குமோன்னு எனக்கும் ரோசனை வந்துச்சு. பக்கத்தூட்டு வேலாத்தா மீனெண்ணெய் மாத்திரைய ஓட்டை போட்டு வாயில பிழிங்கறா. அப்புறம் நந்தியாவட்டைப் பூவக் கொண்டாந்து கண்ணுல வெய்யிங்கறா. எதையும் வெக்கலீங்க. அளவு மீறிப் போனா விட்டமினே வெசமுன்னு பையன் எழுதி வெச்சிருக்கறான். எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணுனப்பக் குடுத்த சொட்டு மருந்து பிரிட்ஜில இருந்துச்சு. அதை... ஐயோ, ஊத்தலீங்க அம்மிணி, மொறைக்காதீங்க. மூடியத் தொறந்தேன், அவ்வளவுதான். இது என்னையப் பாத்துச்சு. மூடி வெச்சுட்டேன். என்னுங்க? கண்ணுல புண்ணு இருந்து அந்த மாதிரி மருந்து ஊத்தியிருந்தா கண்ணே போயிருக்குமுங்களா? முருகா. நல்லவேளை.

எங்க உட்டேன்? ஆமாங்க, லைட்டு. பையன் இப்ப ஸ்பெயின்ல இருக்கறான். பையரு ஆபீசுல ஒன்றரை மாசம் உக்காந்து டிசைன் வேலை பழகிட்டு வரோணுமாமா. வெள்ளிக்கிழமை வர்றான். போறப்ப ஒரு பேப்பர் எழுதி பிரிட்ஜுல ஒட்டீட்டுப் போனான், பதிமூணு பாயிண்ட்டு. எத்தனை மணிக்கு லைட்டு, எத்தனை தடவை எலைமேல தண்ணி தெளிக்கோணும், எல்லாம். இதுக கிண்ணத்துல தண்ணி குடிக்காதுங்கல்ல, எலையில நிக்கற சொட்டத்தான் நக்கும். காலையில நாலு நிமிசம், சாயங்காலம் நாலு நிமிசம் நிறுத்தாமத் தெளிக்கோணும், அப்பத்தான் அதுவே கண்ண உருட்டி உருட்டிக் கழுவிக்கும்னு போட்டிருக்கறான். நானும் தெளிச்சேங்க. நாலு நிமிசம் இல்ல... அரை நிமிசம் தெளிச்சிருப்பேன். டைல்சு பூரா ஈரமாகுதுல்லங்க. அந்த ஈரத்தத் தொடைக்கறதே எனக்குப் பெரிய வேலையாப் போச்சு.

கண்ணு வீங்குனதும் அவனுக்குப் போனப் போட்டேன். போட்டு ஒரு புடி புடிச்சேன். "நீ வாங்கி மாட்டுன லைட்டு, வாயில்லாப் பூச்சியக் குருடாக்கிருச்சு, உனக்கெதுக்குடா இதெல்லாம், ஒரு உசுரப் பாத்துக்கத் துப்பு இருக்குதா"ன்னு. பொதுவா எதிர்த்துப் பேசுவானுங்க. அன்னிக்கு அப்படியில்ல. "சரிம்மா, என் தப்புதான், லைட்ட ரொம்பக் கிட்ட மாட்டிட்டேன் போல. நான் வந்ததும் கோயமுத்தூர்ல ஒருத்தருக்குக் குடுத்தர்றேன், அவருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்"னான். சொல்லீட்டு வெச்சுட்டான்.

நான் கேட்டது அதத்தானுங்க. ஒரு வருசமா இதை ஊட்ட உட்டு அனுப்புன்னுதான் கத்திட்டிருந்தேன். ஆனா... போன வெச்சதும் கூண்டுக்குப் பக்கத்துல போய் நின்னுட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்கூட்டுக்காரரு காலையில எந்திரிச்சா போனு. பையன் லேப்டாப்பு. யூனிட்டுல அம்பது பேரு, எல்லாத்துக்கும் குனிஞ்ச தலை, நிமிந்தா பீஸ் கொறைஞ்சு கூலி போயிரும். இதுக்கு ரெண்டு கண்ணும் தனித்தனியாச் சுத்துதுல்லங்க? சாயங்காலம் கூண்டுக்குப் பக்கத்துல சேரப் போட்டு நான் சீரியல் பாப்பேன். ஒரு கண்ண டிவியில வெச்சிருக்கும். இன்னொரு கண்ண எம்மேல வெச்சிருக்கும். நான் பேசப் பேசப் பாத்துட்டே இருக்கும். என்ற மூஞ்சிய அத்தனை நேரம் பாத்த ஆளு இந்த ஊட்டுல வேற ஆருமில்லீங்க. எம்மேல வெக்கற கண்ணு எதுன்னு கேக்கறீங்களா? அதேதானுங்க. சோத்தாங்கைப் பக்கம்.

என்ன பண்றீங்க? சாயமுங்களா? கண்ணுக்குள்ளயேவா? சாயப்பட்டறை வேலையெல்லாம் இங்கயும் உண்டா... கழுவுனாப் போயிருமுங்களா? கீறல் இருந்தா அந்த எடத்துல மட்டும் சாயம் புடிச்சுக் காட்டுமா? நல்ல ரோசனைதான். நாங்களும் துணியில ஓட்டை இருக்குதான்னு லைட்டுக்கு நேரா வெச்சுத்தான் பாப்போம். நீல லைட்டு... ம். இருக்குதுங்களா? கீறலா? பெருசா? சின்னதுதானே? ஆறீரும்னு சொல்லுங்க அம்மிணி, வாயத் தொறந்து சொல்லுங்க.

எப்படிக் கீறல் வரும்? குச்சி முள்ளா இருக்குமோ? அந்தக் குச்சியும் அவன் வாங்குனதுதான். பாத்தீங்களா, லைட்டு இல்லைன்னா குச்சி.

தோலு உரிச்சுதான்னா கேக்கறீங்க? உரிச்சுதுங்களே, போன வாரத்துக்கு முந்துன வாரம். ஒடம்பு பூரா வெள்ளை வெள்ளையா பேப்பராட்டக் கெளம்பி, காத்துல ஆடிட்டு, பாக்கவே சகிக்கல. ஒடம்புல இருந்ததெல்லாம் ரெண்டு நாள்ல தானா உழுந்துருச்சு. இந்தக் கண்ணச் சுத்தி மட்டும் ஒரு துணுக்கு தொங்கிட்டே நின்னுது. நூல் பிசிறு மாதிரியேங்க. நானும் ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன். சீரியல் பாக்க முடியல, கண்ணு அங்கயே போகுது. பிசிறு தொங்குனா என்ற கை சும்மா இருக்காதுங்க, அம்பது லட்சம் பீசுல அம்பது லட்சம் பிசிறு எடுத்த கை இது. கூண்டத் தொறந்து, மெதுவா, துளிகூட வலிக்காம, நீட்டா எடுத்துட்டேன். எடுத்துட்டு மிச்சம் மீதி ஒட்டியிருக்கப் போகுதுன்னு கண்ணச் சுத்தி நல்லாத் தொடைச்சும் உட்டேன். அப்புறம் தினமும் காலையில ஒருக்காத் தொடைச்சு உட்டேன். பூளை சேரக் கூடாதுல்லங்க. பாத்தா பளபளன்னு இருந்துச்சு, அப்படியே பொட்டியில போட்டு அனுப்பலாம்.

எதுலயா? இதுலதான். இந்தத் துணியிலதான்... சுத்தமான துணிங்க. தினமும் தொவைக்கறேன்.

சரிங்க, பேசல. நீங்க வேலையப் பாருங்க. ஆட்டாமப் புடிச்சுக்கறேன். உப்புத் தண்ணியா? ஊத்துங்க. அட, கண்ண உப்ப வெக்குது பாருங்க, பலூனாட்ட... சுத்துது... கழுவிக்குதுங்களா? இதத்தான் நாலு நிமிசம் தண்ணியடிச்சிருந்தா அதுவே பண்ணியிருக்குமா? ம்.

என்னமோ வருதுங்களே. ஓரத்துல. இடுக்கியில புடிச்சுட்டீங்களா? மெல்ல, மெல்ல... வந்துருச்சா? வெள்ளைப் பேப்பர்ல வெய்ங்க, பாக்கலாம். கண்ணாடியப் போட்டுக்கறேன், இருங்க.

...

நூலுங்க.

பிசிறு. காட்டன் பிசிறு. அரை விரக்கடை கூட இருக்காது.

ரோஸு.

இல்லீங்க, கோரல். எங்க லாட்டுதான். வேற எங்கயும் இந்தக் கலரு இல்ல, இந்த சேடு அப்ரூவலாகறதுக்கு ஏழு தடவை லேப்டிப் அனுப்புனோம். எந்தக் கூட்டத்துல வெச்சாலும் நான் அடையாளம் சொல்லீருவேன். கூண்டுல துணியே இல்லீங்க. அவன் ரூமுல இல்ல. என்ற இடுப்புல மட்டுந்தான் இருக்குது.

இருவது வருசமா பிசிறு எடுத்தவ... நானே கொண்டுபோய் வெச்சிருக்கறேன் பாருங்க. அதுவும் கண்ணுக்குள்ள. அது வலியில குச்சியில தேய்ச்சுக் கீறிக்கிச்சு. நான் மறுபடியும் அதே துணியில தொடைச்சேன். வலிக்குதுன்னு சொல்ல அதுக்கு வாயா இருக்குது? எம்மேல வெச்ச கண்ணுங்க அது.

அந்தப் பேப்பருங்களா? பையிலதான் இருக்குது, உங்ககிட்டக் காட்டலாம்னு பிரிட்ஜுல இருந்து எடுத்தாந்தேன். படிங்க. எட்டு வரைக்கும் நான் படிச்சனுங்க. அப்புறம் பத்து, பதினொண்ணு... ஒம்பதாவதா? அது எங்கிருந்து வந்துச்சு? அந்த எடத்துல... பழனிக்குப் போனப்ப வாங்குன முருகர் காந்தத்த அங்கதான் வெச்சிருந்தேன். முருகரு அதும்மேல நின்னுட்டிருந்தாரு. என்ன போட்டிருக்குது, சத்தமாப் படிங்க. "தோல் உரிக்கும்போது நீ எதையும் இழுக்காதம்மா. கண்ணுகிட்டக் கையே வெக்காத. தண்ணி மட்டும் அடி. உன்ற கையி சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

எழுதியே வெச்சுட்டுப் போயிருக்கறான்.

முருகரக் குத்தம் சொல்ல முடியுமுங்களா? நாந்தான அங்க வெச்சேன்.

மருந்தச் சொல்லுங்க அம்மிணி, இந்தத் தடவை ஒரு எழுத்து உடாமக் கேட்டுக்கறேன். இந்தச் சொட்டு ஒரு நாளைக்கு மூணு தடவை, ஏழு நாளைக்கு. வேற எந்த மருந்தும் கூடாது. தண்ணி நாலு நிமிசம் நின்னு தெளிக்கோணும், டைல்சு ஈரமானா ஆகட்டும். தீனி எடுக்காட்டி ரெண்டு நாளைக்குப் பூச்சிய இடுக்கியில புடிச்சு வாய்க்கிட்டக் காட்டோணும். லைட்டு இருக்கட்டுமா? அது பாட்டுக்கு எரியட்டுமா? பேப்பர்ல அவன் போட்டிருக்கற தூரமெல்லாம் செரியாத்தான் இருக்குதா... சரிங்க. பாவம், அந்த லைட்ட எத்தனை பேச்சுப் பேசீட்டேன். அஞ்சாவது நாள் மறுபடியும் கூட்டியாறேன். கூட்டியாறேன்னா... இருந்தாக் கூட்டியாறேன். வெள்ளிக்கிழமை அவன் வந்து கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்னா நான் எதைக் கூட்டியாறது?

லைட்டுனு நெனைச்சுத்தான குடுக்கறேங்கறான். தப்புப் பண்ணது தானுன்னு நெனைச்சுட்டு, அங்க எந்த ஊர்லயோ உக்காந்து வருத்தப்பட்டுட்டிருக்கறான். நான் சும்மா இருந்துட்டா அவனுக்குத் தெரியவே தெரியாது. நீங்களும் சொல்லப் போறதில்ல. இந்த நூல ஊதுனாப் பறந்துரும்.

போன்ல வாட்சப்புல அந்த மைக் படத்த அழுத்திப் புடிக்கோணுமில்லீங்க? சித்த இருங்க.

"தரணி, அம்மா பேசறேன் கண்ணு. டிப்பு நல்லா இருக்குது. ஆஸ்பத்திரியிலதான் இருக்கறோம். லைட்டுல ஒண்ணும் இல்ல. நீ செரியாத்தான் மாட்டியிருக்கற, டாக்டரு சொல்லீட்டாங்க. நான் தோல இழுத்தேன். கண்ணையும் தொடைச்சேன், தினமும், வேஸ்ட் துணியில. நம்ம கோரல் நூலு கண்ணுக்குள்ள இருந்துச்சு, டாக்டரு எடுத்துட்டாங்க. உம்மேல தப்பில்ல. நான் கத்துனதெல்லாம்... அது சும்மா. நீ அதை ஆருக்கும் குடுக்காத. ஊட்டுலயே இருக்கட்டும். எனக்கோசரம் இருக்கட்டும். சரி, வெச்சர்றேன்."

போயிருச்சுங்களா? ரெண்டு டிக்கு. நீலமாயிருச்சு... கேக்கறான் போல. டைப் அடிக்கறான். எனக்கு எழுத்து மங்குது, தூசியாட்ட இருக்குது, நீங்களே படிங்க. "குடுக்கல. முருகரப் பதிமூணுக்குக் கீழ எறக்கி வெய்." பாருங்க, வீடியோ கால்ல பிரிட்ஜப் பாத்திருப்பான் போல, முருகரு எங்க நின்னாருன்னு அங்கிருந்தே தெரிஞ்சிருக்குது. கழுத. சிரிக்கறான் போல.

டிப்பு, இங்க பாரு. பாத்துச்சுங்க. அம்மிணி, தொறந்துருச்சு, பாதிதான், ஆனா சுத்திக் கொண்டாந்து எம்மேல வெச்சிருச்சு. பச்சை திரும்புதுங்க, கழுத்துல பாருங்க. இருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி... இல்ல, இதுல தொடைக்கல. இந்தத் துணிய நீங்களே வெச்சுக்கங்க, குப்பையில போடுங்க. என்ற இடுப்புல இருந்தா என்ற கை கேக்காது.

வரட்டுங்களா? கூடைய நானே தூக்கிக்கறேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பையனையும் கூட்டியாறேன், முப்பத்தொரு வயசு, நல்ல வேலை, உங்களுக்குத் தெரிஞ்ச எடத்துல பொண்ணு எதாச்சும்... சரி சரி, அது அப்புறம் பேசிக்கலாம். அம்மிணி, உங்க கோட்டுல, தோள்பட்டை தையல்ல ஒரு பிசிறு தொங்குது.

இல்லீங்க. தொடல. பாத்தேன், அவ்வளவுதான்.